மூன்றரையா, நாலரையா

கோத்தன்பர்க், ஸ்வீடன்
6 ஆகஸ்ட் 2025, புதன்

இனியா அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன் என்று நேற்று இரண்டு வார்த்தை அனுப்பியிருந்தேன். போன் செய்யாமல் இப்படி மெயில் எழுதுவதற்குக் காரணம், இந்த விடுதி வைஃபையில் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. அறுந்துபோகாவிட்டாலும் போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கிளம்பின அன்றும் அதுதான் நடந்தது. "அம்பத்தோரு வயசுல ஈட்டி எறிய வெளிநாடு போறாளாம்னு ஊர்ல சிரிக்கிறாங்க" என்றீர்கள். நான் பஸ் ஏறினேன். சிரித்தவர்கள் யார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. நர்ஸாக நான் ஊசி போட்டு வளர்த்த பிள்ளைகள்தான் கருவேப்பிலங்குறிச்சியில் பாதிப் பேர். அவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் நீங்கள் மாற்றி வாங்கிக் கொடுத்த ஸ்வீடன் நோட்டுகள் செல்லாது. எல்லாமே பழைய நோட்டு. எட்டு வருஷத்துக்கு முன்பே இந்த ஊரில் அவற்றை நிறுத்திவிட்டார்களாம். கடைக்காரப் பெண் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அருங்காட்சியகப் பொருளைப் போலப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். தலைநகரத்தில் இருக்கும் அவர்களுடைய ரிசர்வ் பேங்குக்குத் தபாலில் அனுப்பினால், கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியை எப்போதாவது தருவார்களாம். "கார்டுல ஏத்திக் குடுங்க, நோட்டு வேணாம்" என்று நான் சொன்னேன். "கையில காசு இருந்தாதான் தைரியம்" என்றீர்கள்.

கையில் இருந்த கொஞ்சம் டாலரை விமான நிலையத்தில் மாற்றினேன். அவர்கள் பிடித்த பிடியில் கால்வாசி போய்விட்டது. அந்த நல்ல நோட்டையும் பஸ்ஸில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். இங்கே பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. கார்டைத் தட்ட வேண்டும். நான் தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் இறங்கிவிட்டேன்.

மூத்தோர் தடகளப் போட்டி நடக்கிற விளையாட்டரங்கத்துக்கு நடந்தே போய் வந்தேன். உங்கள் ஷெட்டு இருக்கிற செராமிக் எஸ்டேட்டிலிருந்து ஜங்ஷன் போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய்த் திரும்பின தூரம் இருக்கும். நாளை மறுநாள் ஈட்டி எறிய வேண்டிய காலும் தோளும் இவை.

கார்டில் வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்துவிட வேண்டும். அது பேங்க் ஆப்பில் இருக்கிறது. ஆப் உங்கள் போனில் இருக்கிறது. ஓடிபியும் உங்கள் போனுக்குத்தான் வரும். காலையிலிருந்து எட்டு முறை கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. இதைப் பார்த்த உடனே செய்யுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். விடுதியில் காலைச் சாப்பாடு பத்து மணி வரை என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் ஒன்பதரைக்குப் போனேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு அந்தப் பையன் தோளைக் குலுக்குகிறான். ரொட்டியும் தயிரும் நோட்டு வாங்குகிற ஒரு கடையில் கிடைத்தன. சாப்பிட்டேன்.

கயல்விழி


விருத்தாசலம்
7 ஆகஸ்ட் 2025, பிற்பகல்

கயல்,

எட்டு முறை கூப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நேற்று சூளை வைத்த நாள் என்று உனக்குத் தெரியாதா? மின்வாரிய கான்ட்ராக்டருக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் போக வேண்டிய கெடு சனிக்கிழமை. சூளை முன்னால் நிற்கிறவன் சட்டைப் பையில் போன் வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? ஷெட்டு மேஜையில் கிடந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் மெயில். படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்திலா கவலையிலா என்று கேட்காதே, இரண்டும்தான்.

ஆப்பைத் திறந்தால் ரகசிய எண் தப்பு என்று சொல்லிப் பூட்டிக்கொண்டது. காலையில் முதல் ஆளாக பேங்குக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு மேடம் வந்திருக்கிறார். சின்ன வயசு. அரை மணி நேரம் உட்கார வைத்து, பிறகு ஆப்பைச் சரிசெய்து, வெளிநாட்டு உபயோகத்தைத் திறந்து கொடுத்தார். இனி உன் கார்டு அங்கே வேலை செய்யும். பஸ்ஸில் தட்டு, கடையில் தட்டு.

கிளம்பும்போது அந்த மேடம் ஒன்று சொன்னார். "சார், ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்க. வாட்ஸாப்ப ஹேக் பண்ணிட்டு வூட்டுக்காரம்மா மாதிரியே அவசரம்னு மெசேஜ் போடுறாங்க. போன வாரம் நல்லூர்க்காரர் ஒருத்தர் மொத்தத்தையும் விட்டுட்டாரு. குரலக் கேட்டுட்டுதான் குடுக்கணும்." ஆகவே ஏதாவது வேண்டுமென்றால் போன் பண்ணிப் பேசு. வெறும் மெசேஜ் போடாதே.

நோட்டு மாற்றினவனைக் கூப்பிட்டேன். "நாங்க வாங்கினதத்தான் குடுத்தோம் சார்" என்கிறான். ரசீது என்னிடம் இருக்கிறது. நேரில் போய்ப் பேசினால்தான் ஆகும். இதெல்லாம் யாருக்காக அலைகிறேன் என்று நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

நேரக் கணக்கை மறக்காதே. நம் நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்தைக் கழித்துக்கொள். உன் போனில் அந்த ஊர் சிம் இல்லாததால் நம் நேரத்தைத்தான் காட்டும், கைக்கடிகாரத்தையும் மாற்றாதே, பிரஷர் மாத்திரை வேளை தவறிவிடும். நம் ஷெட்டு அர்ச்சுனனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவன் தம்பி ஜெர்மனியில் இருக்கிறான், ஸ்வீடனுக்கும் அதே நேரம்தானாம். நாலரை.

நாளைக்கு நன்றாக எறி. தோளில் வலி என்றால் எறியாதே.

பழமலைநாதன்


கோத்தன்பர்க்
7 ஆகஸ்ட் 2025, இரவு

இனியா அப்பாவுக்கு,

நாளைக்கு நான் எறியப்போவதில்லை. தோள் நன்றாக இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். இந்த அறையில் இன்னும் மூன்று பேர் தூங்குகிறார்கள்.

போட்டியில் கலந்துகொள்கிறவர்கள் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் அரங்கத்துக்குப் போய்ப் பெயரை உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்கள் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும். கார்டு இன்று பஸ்ஸில் வேலை செய்தது, அதற்கு நன்றி. பஸ்ஸில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நாலரையைக் கழித்தேன். ஐந்தே கால். அவசரமில்லை என்று அரங்கத்துக்கு வெளியே பத்து நிமிஷம் நின்று, ஈட்டிக்காரர்கள் பயிற்சி செய்வதை வேலி வழியாகப் பார்த்தேன்.

உள்ளே போனால் மேஜையில் ஒரு பெரியவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். "முடிந்துவிட்டது அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஐந்தரைதானே ஆகிறது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கடிகாரம். ஆறரை.

கோடையில் இந்த நாட்டுக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்களாம். ஜெர்மனியிலும்தான். குளிர்காலத்தில்தான் நாலரை. இப்போது மூன்றரை. அர்ச்சுனன் தம்பி எப்போது சொன்னான் என்று கேளுங்கள், போன மார்கழியில் சொல்லியிருப்பான். காலைச் சாப்பாடு ஏன் முடிந்துபோகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. தினம் பத்தரைக்குப் போய் நின்றுகொண்டு அந்தப் பையனைத் திட்டியிருக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. அந்தப் பெரியவர் நல்லவர். யாருக்கோ போன் செய்து பேசினார். "தாமதக் கட்டணம் கட்டினால் சேர்க்கலாம். பட்டியல் ஏழு மணிக்கு அச்சுக்குப் போகும், அதற்குள் இந்த இணைப்பில் கட்டுங்கள்" என்றார். அரங்கத்து வைஃபையில் கார்டு எண்ணைப் போட்டேன். ஓடிபி கேட்டது. "ஓடிபி அனுப்புங்க, ரொம்ப அவசரம்" என்று உங்களுக்கு வாட்ஸாப்பில் போட்டேன். நீங்கள் பார்த்துவிட்ட நீல டிக் வந்தது. ஓடிபி வரவில்லை. உங்கள் போன் வந்தது.

"ஹலோ, யாரு பேசறது?" என்றீர்கள். நான்தான் என்றேன். அறுந்தது. மறுபடி கூப்பிட்டீர்கள். "கயலா? கயல்தான் பேசறியா?" என்றீர்கள். நான் கத்தினேன், அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. உங்களுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை, "இது எதுக்கு நாலாயிரத்தி அறுநூறு ரூவா?" என்றது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் விளக்கிச் சொல்லி முடித்த பிறகு ஓடிபியை அனுப்பினீர்கள். அது காலாவதியாகியிருந்தது. இன்னொன்று கேட்பதற்குள் ஏழு அடித்தது. பெரியவர் கையை விரித்தார்.

அது என் சம்பளக் கணக்கு. இருபத்து மூன்று வருஷமாகக் கிராமம் கிராமமாக டிவிஎஸ்ஸில் போய் வாங்கின சம்பளம். அதில் என் போன் எண்ணைப் போட வேண்டும் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன். "எதுக்கு அலைச்சல், என் நம்பர் இருந்தா என்ன" என்றீர்கள். என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

இனி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கயல்விழி


விருத்தாசலம்
8 ஆகஸ்ட் 2025, காலை

கயல்,

நான் என்ன தப்பு செய்தேன் என்று நீயே சொல். பேங்க்காரர் குரலைக் கேட்டுக் கொடு என்கிறார். அன்றைக்கே ராத்திரி பத்தேகாலுக்கு, ரொம்ப அவசரம் என்று வெறும் மெசேஜ் வருகிறது. போனில் ஒரே இரைச்சல். உன் குரலா இன்னொருத்தி குரலா என்று எனக்கு எப்படித் தெரியும்? கொடுத்துவிட்டு, மொத்தப் பணமும் போயிருந்தால் என்ன எழுதியிருப்பாய்? "இந்த மனுஷனுக்கு அறிவே இல்லை" என்று எழுதியிருப்பாய்.

நாலரை என்றது நான் கண்டுபிடித்த கணக்கா? உன்னைத் தனியாக அனுப்புகிறோமே என்று நாலு பேரிடம் விசாரித்துச் சொன்னேன். கடிகாரத்தை ஒரு நாடே தள்ளிவைக்கும் என்று விருத்தாசலத்தில் யாருக்குத் தெரியும்? இங்கே சூரியன் எழுந்தால் காலை, விழுந்தால் சாயங்காலம். அர்ச்சுனனைக் கேட்டேன். "அண்ணே, அவன் பொங்கலுக்கு முன்னாடி சொன்னான், மாறும்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்று தலையைச் சொறிகிறான். அவனைத் திட்டித் தீர்த்துவிட்டேன். போதுமா?

எது எதற்கோ என் நம்பரைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாய். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் உனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறேனா? இனியா காலேஜ் ஃபீஸ், வீட்டு லோன், எல்லாம் உன்னைக் கேட்டுத்தானே கட்டினேன். நீ எழுதுகிறதைப் படித்தால் நான் ஏதோ உன் பணத்தைப் பூட்டி வைத்தவன் மாதிரி இருக்கிறது.

போன் பண்ணினால் எடு.

பழமலைநாதன்


விருத்தாசலம்
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

கயல்,

இரண்டு நாளாக நீ போனும் எடுக்கவில்லை, பதிலும் போடவில்லை. இனியாவைக் கேட்டால், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, எங்கிட்ட பேசினாங்க" என்கிறாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை நம் சண்டைக்கு நடுவில் நிற்கிறது. அதுவும் சரியில்லை.

வெள்ளிக்கிழமை உனக்கு எழுதி அனுப்பிய பிறகு எனக்கு ஷெட்டில் வேலை ஓடவில்லை. அந்த நேரம் நீ எறிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற நினைப்புதான். மூன்றரையைக் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் பேங்குக்குப் போனேன். உன் கணக்கில் உன் எண்ணைப் போட்டுவிட்டால் அடுத்த தடவையாவது தொல்லை இருக்காது என்று நினைத்தேன். அதே மேடம்தான் இருந்தார். "கணக்குக்காரங்க நேர்ல வரணும் சார், நீங்க மாத்த முடியாது" என்றார். அவள் ஸ்வீடனில் இருக்கிறாள் அம்மா என்றேன். "வந்த பிறகு கூட்டிட்டு வாங்க" என்றார். நான் எழுந்திருக்கும்போது கேட்டார்: "அவங்க சம்பளக் கணக்குக்கு ஏன் சார் உங்க நம்பர் குடுத்திருக்கீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். குத்திக் கேட்கவில்லை. கணக்கு ஆரம்பித்தபோது அவளிடம் போன் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ போன் வாங்கி எத்தனை வருஷமாகிறது என்று மனசு கணக்குப் போட்டது. அப்படியே வந்துவிட்டேன்.

எனக்கு இன்னும் கோபம்தான். அந்த நோட்டுக்காரன் மேல், அர்ச்சுனன் மேல், கடிகாரத்தைத் தள்ளிவைக்கிற நாட்டின் மேல். எல்லோர் மேலும் கோபப்பட்டு முடித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. அதை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

சாப்பிட்டாயா?

பழமலை


கோத்தன்பர்க்
11 ஆகஸ்ட் 2025, திங்கள்

இனியா அப்பாவுக்கு,

சாப்பிட்டேன். இப்போது சரியான நேரத்துக்குப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை ஈட்டிப் போட்டியைப் பார்க்கப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். என் வயசுப் பிரிவில் ஒன்பது பேர். முதல் இரண்டு பேரும் அருமையாக எறிந்தார்கள், அவர்களை நான் தொட்டிருக்க முடியாது. மூன்றாவதாக வந்தவள் எறிந்தது, பிப்ரவரியில் நான் திருச்சியில் எறிந்ததைவிடக் குறைவு. ஓர் ஆள் படுக்கிற நீளம் குறைவு. அவள் கழுத்தில் பதக்கம் போட்டபோது கை தட்டினேன். தட்டாமல் இருந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

என்னோடு அறையில் இருக்கிற ஹெலேனா ஃபின்லாந்துக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அன்று இரவே அவளிடம் நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கடிகாரக் கதையைக் கேட்டதும் சிரித்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்கள் ஊரிலேயே யாராவது தவறவிடுவார்களாம். ஓடிபி கதையைச் சொன்னேன். அது அவளுக்குப் புரியவே இல்லை. "உன் கணக்கு, ஆனால் எண் அவருடையது?" என்று இரண்டு தடவை கேட்டாள். மொழி தெரியாததால் கேட்கிறாள் என்று நினைத்து மறுபடியும் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே வெட்கமாகிவிட்டது. அவளுக்கு மொழி புரிந்துதான் இருந்தது.

உங்களுக்கு அந்த மேடம், எனக்கு இவள். ஒரே நாளில் இருவரையும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

குண்டு எறிதலுக்கும் பெயர் கொடுத்திருந்தேன், சும்மா இருக்கட்டும் என்று. சனிக்கிழமை மதியமே போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மணி வரை அந்த மேஜை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவர் இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நேற்று எறிந்தேன். எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பதினோரு பேரில் ஏழாவது. இந்தியா என்று ஒலிபெருக்கியில் சொல்லி, என் பெயரைக் 'கேயல்விசி' என்றார்கள். கோபம் குண்டில் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. குண்டு எனக்கு எப்போதும் வராது. நான் ஈட்டிக்காரி.

புதன் காலை எட்டு மணிக்குச் சென்னை. நீங்கள் வர வேண்டாம், நானே பஸ் ஏறிக்கொள்கிறேன் என்று எழுத நினைத்தேன். நீங்கள் எப்படியும் வருவீர்கள்.

கயல்விழி


சென்னை விமான நிலையம்
13 ஆகஸ்ட் 2025, புதன் காலை

இனியா அப்பாவுக்கு,

"வெளியில நிக்கிறேன்" என்று நீங்கள் போட்ட மெசேஜைப் பார்த்தேன். பெட்டி வந்துவிட்டது. பெட்டிகள் சுற்றிவருகிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதை நீங்கள் படித்த பிறகுதான் வெளியே வருவேன். முகத்தைப் பார்த்துவிட்டால், "சரி வா, வெயில் ஏறுது, போலாம்" என்பீர்கள். நானும் வந்துவிடுவேன். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் ஒவ்வொன்றும் முடிந்திருக்கிறது.

விமானத்தில் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் கடிகாரம். பஸ் நிறுத்தத்தில், கடை வாசலில், விடுதி மேஜைக்குப் பின்னால். மூன்று நாள் அவற்றைக் கடந்து நடந்திருக்கிறேன். ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன நாலரை என்னிடம் இருந்தது, அது போதும் என்று இருந்தேன். தெருவில் போகிற யாரையாவது மணி என்ன என்று கேட்டிருந்தால் நான் ஈட்டி எறிந்திருப்பேன். அதனால் முழுப் பழியும் உங்கள் மேல் போட என்னால் முடியவில்லை. போட முடிந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் இருந்திருக்காது.

நீங்கள் என் பணத்தைத் திருடினீர்கள் என்று நான் எப்போதும் சொல்லவில்லை. "இது எதுக்கு" என்று கேட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். மோசடிக்காரன் என்று பயந்து குரலைக் கேட்டது நியாயம். கயல் என்று தெரிந்த பிறகு கேட்ட அந்தக் கேள்விக்கு நியாயம் இல்லை. அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் நேரம் போனது.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. பேங்க் நாலு மணி வரை இருக்கும். மூன்றுக்குள் விருத்தாசலம் போய்விடலாம். என் எண்ணைப் போட்டு, ஆப்பை என் போனில் இறக்கி, அதன் பிறகு வீடு. அடுத்த வருஷமும் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவேன். உங்களிடம் அனுமதி கேட்பதற்காக இதை எழுதவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். வருவதானால் நீங்களும் வரலாம்.

சம்மதமா இல்லையா என்று பதில் எழுதுங்கள். கூப்பிடாதீர்கள், எழுதுங்கள்.

கயல்விழி


சென்னை விமான நிலையம், வெளியே
13 ஆகஸ்ட் 2025

கயல்,

படித்தேன். கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தேன், போய் எடுத்து வந்து மறுபடியும் படித்தேன். "அம்மா இன்னும் வரலியா சார், பார்க்கிங்குக்குக் காசு ஏறுது" என்று டிரைவர் காத்தவராயன் கேட்கிறான். ஏறட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பேங்குக்கே போகலாம். நான் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. இதற்கு மேல் எழுதினால் ஏதாவது காரணம் எழுதுவேன், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவதாக வந்தவள் உன் தூரத்தைவிட ஓர் ஆள் நீளம் குறைவு என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதையே யோசிக்கிறேன். உன் தூரம் எத்தனை மீட்டர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக எறிகிறாய், நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இனியாவிடம் கேட்டால் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

நீ வந்து சொல்.

பழமலை